கால் மறந்த கல்யாண ஆட்டம்

எட்டக்கா ஆடும்போது விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர், ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் சுழன்று ஆடியபோதுதான் அவள் கால் முறிந்தது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்பவர்களும் உச்சுக் கொட்டுகிறார்கள். இருபத்தாறு வருஷம் கல்யாண வீடுகளில் ஆடிய மனுஷி விழுந்தது தன் வீட்டுக் குளியலறையில். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள், தரையில் சோப்பு நுரை இருந்தது. அவ்வளவுதான். எத்தனையோ பேர் எலும்பு குளியலறையில்தான் உடைகிறது. அப்படிச் சொன்னால் கதையில் சுவை இல்லை என்பதால் யாரும் சொல்வதில்லை.

அவள் தொழில், கல்யாண வீட்டாருக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது. கல்யாணத்துக்கு முந்தின மாலை இரண்டு வீட்டாரும் மண்டபத்தில் ஒருவர் எதிரே ஒருவர் ஆடுவார்கள். கல்லூரி வயசுப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம், தடுத்தாலும் ஆடும். பெற்றவர்கள், மாமா, சித்தி, பெரியப்பா ஆகியோர்தான் சிக்கல். உடம்பை ஆபீஸ் நாற்காலிக்கும் அடுப்படிக்கும் பழக்கிவிட்டவர்கள் பாட்டுப் போட்டதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். அவர்களைச் சுவரிலிருந்து பிரித்தெடுப்பதுதான் எட்டக்காவின் வேலை.

அதற்கு முன்னால் அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் மடிப்பு மேஜையில் இருந்தாள். ஒரு சட்டையை மடித்து அட்டை வைத்து உறையில் போட எட்டு அசைவு. எதிரும் புதிருமாக நிற்கும் பெண்கள் ஒரே வேகத்தில் மடிக்க வேண்டும் என்பதால் அவள் வாய்விட்டு எண்ணுவாள், ஒன்றிலிருந்து எட்டு வரை, காலையிலிருந்து சாயங்காலம் வரை. பெயர் அப்படி வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

மேஜைத் தோழி ஒருத்திக்குக் கல்யாணம் வந்தது. மேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை வீட்டார் ஆடுகிறார்கள், மடிப்பு மேஜைக்காரிகள் எட்டுப் பேரும் கைப்பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எட்டக்காவுக்கு எரிச்சல் வந்தது. நடுவில் போய் நின்று, "சட்டையை மடிங்கடி" என்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். கைகள் தாமாக எழுந்தன. பரப்பி, தட்டி, மடக்கி, புரட்டி, இல்லாத சட்டைகளை எட்டுப் பேரும் காற்றில் மடித்தார்கள். மண்டபம் வாய் பிளந்து பார்த்தது. அடுத்த மாதமே ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள், அதற்கடுத்து இரண்டு வீட்டில். அதன்பின் அவள் மேஜைக்குத் திரும்பவில்லை.

அன்று கண்டுபிடித்த முறையைத்தான் கடைசிவரை வைத்திருந்தாள். யாருக்கும் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்க மாட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். அந்த வேலையில் கை என்ன செய்கிறதோ அதுதான் ஆட்டம். முடிவெட்டுகிறவர் முடிவெட்டுவார், கணக்கு எழுதுகிறவர் பக்கம் புரட்டுவார். எல்லாவற்றையும் எட்டுக்குள் அடக்கி, எல்லோரும் சேர்ந்து செய்யும்படி பாட்டில் கோத்துவிடுவாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாண்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் தங்கையோடு இருந்தாள். "ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஆடினியே, உனக்கு ஒண்ணு பண்ணிக்கலையே" என்று யாராவது ஆரம்பித்தால், "என் கல்யாணத்துல எல்லாருக்கும் யாரு சொல்லிக்கொடுப்பா?" என்று முடித்துவிடுவாள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து உள்ளே இறங்கியிருந்தது. தகடு வைத்து ஆறு திருகு போட்டார்கள். டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். பத்து வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது, விரல் நுனிகூட.

அப்போது அவள் கையில் ஒரு கல்யாணம் இருந்தது, ஆறு வாரத்தில். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பெண்ணின் பெற்றோர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்பா குழாய் வேலை செய்கிறவர். அம்மா பள்ளிக்கூட டீச்சர். கூடவே அப்பாவின் அக்காவும் வந்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு அத்தை என்பதால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் அத்தைதான், தம்பி மனைவிக்குக்கூட.

டீச்சரம்மா பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். "அக்கா, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. ஆட்டத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கறோம் என்றால் என்ன என்று எட்டக்காவுக்குத் தெரியும். ஸ்பீக்கர் தம்பியிடம் போகப் போகிறார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நிறச் சட்டை போட்ட நாலு உதவியாளரும் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாக அதே வட்டாரத்தில் அதே தொழில் செய்கிறவன். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே அவனிடம்தான் பழகிக்கொண்டிருந்தார்கள். இந்த வீடும் போனால் செய்தி பரவும். கால் உடைந்த ஆட்டக்காரியை அதன்பின் யார் கூப்பிடுவார்கள்? அவளுக்கு ஐம்பத்து நாலு வயசு. சட்டைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளாது. வேறு வேலை எதுவும் தெரியாது. மூன்று நாளாக மயக்க மருந்துக்கு நடுவிலும் அவள் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். வலி இரண்டாம் பட்சம்.

"அதுவும் சரிதான் டீச்சரம்மா" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

இந்தப் பேச்சு நடக்கும்போது அத்தை பேசுகிறவர்கள் பக்கமே திரும்பவில்லை. கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, போர்வையை விலக்கி, எட்டக்காவின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருஷமாகப் பணிப்பெண். படுக்கையில் கிடப்பவர் முகத்தைவிடக் குதிகாலைத்தான் முதலில் பார்ப்பாள்.

"சிவந்திருக்கு" என்றாள். "இப்படியே ஒரு வாரம் மெத்தையில அழுந்தினா புண்ணாயிடும். யாரும் பார்க்கலையா?" பதிலுக்குக் காத்திராமல் ஒரு துண்டைச் சுருட்டி, கெண்டைக்காலுக்குக் கீழே வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். "யாரு எங்க போறது? கால்தானே உடைஞ்சிருக்கு. கை இருக்கு. வாய்க்கும் ஒண்ணும் ஆகலை, நாங்க மாடிப்படி ஏறும்போதே கேட்டுச்சு."

"அத்தை, அவங்களால எழுந்திருக்கவே முடியாதே" என்றார் டீச்சரம்மா.

"நாம எழுந்து போவோம். அவங்க வீட்டுக்கு."

"பன்னெண்டு பேரா?"

"பன்னெண்டு பேருக்கும் கால் நல்லா இருக்குல்ல?"

குழாய்க்காரர் அக்காவையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த வீட்டில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்பட்டு வந்தன.

எட்டக்கா வீட்டின் முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. தங்கை கட்டிலைச் சன்னலோரம் போட்டு, டிவியை அலமாரி மேல் ஏற்றியும், மீதி இடத்தில் ஒரு கல்யாண வீடு அடங்கவில்லை. பன்னிரண்டு பேரும் இரண்டு வரிசையாகத் தோளோடு தோள் நின்றால், பின்வரிசை கதவில் முட்டும். தையல்காரச் சித்தி மூச்சை இழுத்து விட்டால் பக்கத்தில் நிற்கும் மாமா நகர வேண்டும். மாமா பஸ் டிரைவர், உடம்பும் பஸ் மாதிரிதான்.

எட்டக்கா முதுகுக்கு மூன்று தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து கையை உயர்த்துவாள். "டீச்சரம்மா, போர்டை அழிங்க. வேகமா அழிச்சா பசங்க எழுதிக்க மாட்டாங்க, மெதுவா. சித்தி, ஊசி கோருங்க. நூல் நுனியை நாக்குல தொடுங்க, அதுதான் அழகு. மாமா, ஸ்டியரிங். அண்ணே, குழாயைத் திருகுங்க."

குழாய்க்காரர் திருகினார்.

"ஏன் மூடறீங்க? திறங்கண்ணே. கல்யாண வீட்டுல குழாயை மூடக் கூடாது."

"முப்பது வருஷமா ஒழுகறதை மூடித்தானே பழக்கம்" என்றார் அவர். எல்லோரும் சிரித்ததில் கட்டில் ஆடியது. எட்டக்காவுக்குக் காலில் சுரீரென்றது. அதையும் பொறுத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

அத்தை ஒவ்வொரு நாளும் மற்றவர்களுக்கு அரை மணி முன்னால் வந்துவிடுவாள். இது ஒத்திகைக்கு அல்ல, காலுக்கு. கணுக்காலை மேலே கீழே அசைக்க வேண்டும். தொடையை இறுக்கிப் பிடித்து விட வேண்டும். முழங்காலை மெதுவாக மடக்க வேண்டும், டாக்டர் சொன்ன அளவுக்கு மட்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை.

"ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணி எட்டக்கா நிறுத்துவாள்.

"ஒம்பது, பத்து" என்பாள் அத்தை.

"பாட்டு எட்டோட முடிஞ்சிடும் அத்தை."

"எலும்புக்குப் பாட்டுத் தெரியாது. ஒம்பது."

ஆறே வயசு மூத்தவளை அத்தை என்று கூப்பிடுவது எட்டக்காவுக்கு முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. தன்னை இப்படி அதட்டுகிறவர்கள் யாரும் இருபது வருஷமாக இல்லை என்பதையும் அவள் கவனித்தாள். தங்கை பாசமாக இருப்பாள். ஆனால் பாசமாக இருப்பவர்கள் வலிக்கிறது என்றதும் விட்டுவிடுவார்கள்.

ஒருநாள் ஒத்திகை நடுவில் எட்டக்காவுக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், தங்கை ஷிப்டில். அடக்கிக்கொண்டு எண்ணினாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "எல்லாரும் வெளிய போய் அஞ்சு நிமிஷம் காத்து வாங்குங்க. அங்கேயே பழகுங்க, சும்மா நிக்காதீங்க" என்று விரட்டிக் கதவைச் சாத்தினாள். கட்டிலுக்கடியிலிருந்து பாத்திரத்தை எடுத்து, "நல்ல காலை ஊன்றி இடுப்பைத் தூக்கு" என்றாள்.

எட்டக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களைப் போய் இதெல்லாம் செய்ய வைக்கிறேன்."

"ஒரு நாளைக்கு இருபது பேருக்கு வைக்கிறேன். இருபத்தொண்ணு ஆனா கை தேய்ஞ்சிடாது. தூக்கு."

வெளியே மற்ற பதினோரு பேரும் தெருச் சுவரோரம் வரிசையாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட் வழியே எட்டிப் பார்த்து, "என்ன, எல்லாருமா சேர்ந்து சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணப் பெண் மட்டும் ஒருதரம் கேட்டாள். "அக்கா, கை எல்லாம் வந்துடுச்சு. கால் என்ன பண்ணணும்?"

"கை சரியா வந்தா கால் தானா வரும்" என்றாள் எட்டக்கா. "இருபத்தாறு வருஷமா வந்துட்டுத்தான் இருக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. ஒரு வீட்டிலும் காலைத் தனியாகக் கற்றுக்கொடுத்தது கிடையாது. கைகளைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டு முன்னால் நின்று ஆடுவாள். பின்னால் நிற்பவர்கள் கால்கள் வந்து சேர்ந்துவிடும். எப்படி வருகின்றன என்று அவள் யோசித்ததே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மூன்று மணிக்குக் குழாய்க்காரரின் வேன் வாசலில் வந்து நின்றது. பின்பக்கத்துக் குழாய்களை எல்லாம் இறக்கிவிட்டு, பலகை போட்டு, சக்கர நாற்காலியை ஏற்ற வழி செய்திருந்தார். அத்தை நாற்காலியை எட்டக்காவின் நல்ல கால் பக்கம் நிறுத்தினாள்.

"பிரேக் போட்டியா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"போட்டுட்டேங்க்கா."

"போட்டேன்னு சொல்லாத. ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்த்தார். நகர்ந்தது. ஒரு பக்கம்தான் போட்டிருந்தார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மண்டபத்தில் அவளைத் தூணோரம், மேடை தெரிகிற மாதிரி நிறுத்தினார்கள். உடைந்த கால் நீட்டிக் கட்டுப் போட்டபடி பலகையில் இருந்தது. நல்ல கால் மிதியில் இருந்தது. பட்டுச் சேலையைத் தங்கை கச்சிதமாகக் கட்டிவிட்டிருந்தாள். ஆறு வாரம் கழித்து முதல் தடவையாக மேளச் சத்தம் கேட்டது. ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து இருப்பது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் எந்த மண்டபத்திலும் உட்கார்ந்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஆடினார்கள். ஸ்பீக்கர் தம்பி நன்றாகத்தான் பழக்கியிருந்தான், குறை சொல்வதற்கில்லை. இடமும் வலமும் போய்வந்தார்கள், வட்டம் சுற்றினார்கள், ஒரு பெரியப்பா முழங்காலிட்டு எழுந்து கைதட்டல் வாங்கினார்.

அடுத்தது பெண் வீடு. பன்னிரண்டு பேரும் இரண்டு வரிசையாக வந்து நின்றார்கள், தோளோடு தோள். அவ்வளவு பெரிய இடத்தில், கொசு விரட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஒட்டி நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது. கைகள் எழுந்தன. போர்டு அழிந்தது, ஊசி கோத்தாயிற்று, ஸ்டியரிங் சுற்றியது, குழாய் சரியான பக்கம் திறந்தது. ஒரு கைகூடத் தப்பவில்லை.

கால்கள் அசையவில்லை. ஒரு ஜோடிகூட அசையவில்லை. இடுப்புக்கு மேலே கல்யாணம், இடுப்புக்குக் கீழே இருபத்து நாலு ஆணிகள்.

முதல் எட்டு போயிற்று. இரண்டாவது எட்டும் போயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ, "என்னப்பா, பொண்ணு வீட்டை யாராவது பசை போட்டு ஒட்டிட்டாங்களா?" என்றார். சிரிப்பு எழுந்தது. குழாய்க்காரர் நெற்றியில் வியர்வை. எட்டக்கா அவர் கண்ணைப் பார்க்க முயன்றாள். அவர் கண் அவள் முகத்தில் இல்லை, கீழே இருந்தது. டீச்சரம்மா கண்ணும் அங்கேதான், மாமா, சித்தி, கல்யாணப் பெண் எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு, அவை எப்போது நகரும் என்று காத்திருந்தார்கள்.

அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. கால் தானாக வந்ததே இல்லை. முன்னால் போன அவள் கால்களைப் பார்த்துத்தான் அத்தனை வருஷமும் அத்தனை பேர் கால்களும் வந்திருக்கின்றன. அவள் கால் கட்டிலில் கிடந்த ஆறு வாரமும் இவர்கள் கால்கள் கட்டிலைத்தான் கற்றுக்கொண்டிருக்கின்றன.

முடிந்தது என்று நினைத்தாள். தொழில் போவதைவிட, தன்னை நம்பி வந்த குடும்பத்தைச் சபையில் நிறுத்திச் சிரிக்க வைத்துவிட்டோமே என்றுதான் அதிகமாகச் சுட்டது.

அத்தை பின்வரிசையில் கடைசி. அவளுக்கும் கால் நகரவில்லைதான். ஆனால் நகராத கால்களைப் பார்த்து அவள் பயப்படுகிறவள் இல்லை. அவள் வேலையே கால் நகராதவர்களோடுதான். சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவி இழுத்துப் போட்டு, ஊசி கோப்பதை நிறுத்தாமல் அதில் உட்கார்ந்தாள்.

"உட்காருங்க" என்றாள் வரிசையைப் பார்த்து. "கையை விட்டுடாதீங்க. உட்காருங்க."

அந்தக் குடும்பம் அத்தை சொன்னால் கேட்கிற குடும்பம். மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னொரு கையால் நாலு நாற்காலியை இழுத்து வந்தார். மூன்றாவது எட்டில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதில் எல்லோரும். நின்றபோது மரமாகத் தெரிந்தவர்கள் உட்கார்ந்ததும் சபையைப் பார்த்து ஆடுகிறவர்களாகத் தெரிந்தார்கள். உட்கார்ந்திருப்பவர் காலை யார் கேட்கப் போகிறார்கள்?

அத்தை எழுந்து வந்து, சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் தட்டிவிட்டு, எட்டக்காவைத் தள்ளிக்கொண்டு போய் வரிசைக்கு நட்டநடுவில் நிறுத்தினாள். பிரேக்கை மறுபடியும் போட்டாள். "எண்ணு" என்றாள்.

எட்டக்கா எண்ணினாள். முதல் இரண்டு எண் காற்றாகத்தான் வந்தது, மூன்றிலிருந்து குரல் வந்தது.

எதிரே முதல் வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள், எந்தக் கல்யாணத்திலும் முதல் வரிசையில் இருப்பவர்கள்தான். முட்டி தேய்ந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், மாசமாக இருப்பவர்கள், மடியில் குழந்தை தூங்குகிறதால் அசைய முடியாதவர்கள். ஆட்டம் என்றால் பார்ப்பதுதான் என்று எப்போதோ முடிவு செய்துகொண்டவர்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, அவரும் சக்கர நாற்காலிதான், பார்த்துக்கொண்டே இருந்தவர் கையைத் தூக்கி ஊசி கோத்தார். நூல் நுனியை நாக்கில் தொட்டார். பக்கத்தில் இருந்தவர் ஸ்டியரிங்கைச் சுற்றினார். ஒரு பெரியவர் வாக்கரை இரண்டு முட்டிக்கும் நடுவில் பத்திரப்படுத்திவிட்டுக் குழாயைத் திறந்தார். இதற்கு ஒத்திகை வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தே செய்யக்கூடிய அசைவுகள், உட்கார்ந்தே கற்றுக்கொடுத்தவை. பாட்டு முடிந்ததும் பெரியம்மாதான், "இன்னொரு தரம் போடுங்கப்பா" என்றார். இரண்டாம் தடவை மாப்பிள்ளை வீட்டு இளசுகளும் நாற்காலி தேடி ஓடினார்கள். நாற்காலி பற்றவில்லை.

ஆட்டம் முடிந்தபின் ஸ்பீக்கர் தம்பி அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. முதல்ல நிக்க வெச்சு, ஏமாத்தி, அப்புறம் உட்கார வெச்சீங்களே. எப்படித் தோணுச்சு?"

"காலைச் சொல்லிக்கொடுக்க மறந்துட்டேன் தம்பி."

"தொழில் ரகசியம்னா சொல்ல வேணாம்க்கா, புரியுது" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான். இன்றுவரை அவன் நம்பவில்லை.

டீச்சரம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "எங்க அம்மாவுக்குப் பார்க்கின்சன் இருந்துச்சு" என்றார் டீச்சரம்மா. "என் கல்யாணத்துல பூரா நேரமும் ஒரு மூலையில உட்கார்ந்திருந்தாங்க. அப்போ யாருக்கும் இது தோணலையே." அதன்பின் எட்டக்கா மன்னிப்புக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா. அவர் மகனுக்கு நாலு மாதத்தில் கல்யாணம். "உட்கார்ந்து ஆடறது வேணும். எங்க வீட்டுல நிக்கறவங்களைவிட உட்கார்றவங்கதான் அதிகம்" என்றார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு அழைப்பாவது வந்தது. நாற்காலியில் ஆடுகிற ஆட்டத்தைக் கேட்டு வந்தவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு ஆள் இருந்தார், எல்லோரும் ஆடும்போது ஓரமாக உட்கார வைக்கப்படுகிற ஆள்.

பத்து வாரம் முடிந்ததும் டாக்டர் காலை ஊன்றச் சொன்னார். அத்தை இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். "குதிகால் முதல்ல, அப்புறம் விரல். கீழ பார்க்காத, எதிரே பாரு." அத்தை சொல்லச் சொல்ல, ஆடுவதைத் தொழிலாக வைத்திருந்தவள் ஒரு கால் எப்படி நகர்கிறது என்பதை ஐம்பத்து நாலு வயசில் முதல் தடவையாகக் கற்றுக்கொண்டாள். ஒரு நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டாள். இப்போது நிற்கக்கூடியவர்களுக்குக் காலையும் கற்றுக்கொடுக்கிறாள், தனியாக, முதல் வாரத்திலிருந்தே.

ஊன்றுகோலோடு தெருவில் போக முடிந்ததும் அவள் முதலில் போனது அத்தை வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு. எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டே போனாள். சேலை எடுத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தாள். அத்தைக்குச் சேலை கட்ட நேரமில்லை, எப்போதும் சீருடைதான். கையில் ஒரு டப்பா பிஸ்கட்டோடு, ஒன்பது கட்டில் போட்ட அறை வாசலில் நின்றாள். அத்தை ஒரு அம்மாவின் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சன்னல் திரை பாதி விலகியிருந்தது. டெட்டால் வாசனை.

"அத்தை."

"வா. கோலைச் சரியான கையிலதான் பிடிச்சிருக்க."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். நீங்க மட்டும் அன்னைக்கு ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லலைன்னா, இன்னைக்கு என் தங்கச்சி சம்பளத்துல நான் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருப்பேன். வேலை போயிருக்கும். நானும் போயிருப்பேன். அதைச் சொல்லணும்."

அத்தை தலையணையை வைத்தாள். கொஞ்ச நேரம் எட்டக்காவைப் பார்த்தாள். குதிகாலை அல்ல, முகத்தை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நல்லது. கேட்டுக்கிட்டேன்" என்றாள் அத்தை. "பிஸ்கட்டை அங்க வை. கையைக் கழுவிட்டு வா. இந்தம்மாவைச் சன்னல் பக்கமாத் திருப்பணும், அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் இல்லாம நின்னுட்டு இருக்கேன்."

எட்டக்கா கோலைச் சுவரில் சாத்தினாள், கையைக் கழுவினாள், கட்டிலின் அந்தப் பக்கம் போய் இரண்டு காலையும் ஊன்றி நின்று விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.